ஞாயிறுதோறும் வந்த மூளை டாக்டர்

புதன்கிழமை பகல் மூன்று மணி இருக்கும். பரிசோதனை அறைத் தொட்டியில் கண்ணாடித் தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். குலசேகரத்திலிருந்து வரும் பஸ்ஸை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு, கண்டக்டர் ஜன்னல் பக்கமாக வந்து நின்றார். "வேய், உங்க டாக்டரு போயிட்டாரு. காலத்த மார்வலியாம். வீட்டுல உள்ளவிய உம்மகிட்ட சொல்லச் சொன்னாவ" என்றார். பஸ்ஸில் ஆட்கள் காத்திருந்தார்கள், அவருக்கு அதற்குமேல் சொல்ல நேரமில்லை. மிச்சமிருந்த தகடுகளையும் கழுவித் துடைத்து அடுக்கி வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஈவிரக்கம் இல்லாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். அவற்றை ஈரத்தோடு போட்டுவிட்டு வந்தால், "கறை பிடிச்சா எவன் வேய் தேய்க்கது?" என்று என்னைத் திட்டக்கூடிய ஒரே ஆள் அவர்தான். அந்தப் பழக்கம் அன்றைக்கும் விடவில்லை.

ஆஸ்பத்திரிக்காரர்கள் சேர்ந்து டாக்டர் ஞானசிகாமணியைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போடுகிறார்களாம். கூடவே இருந்தவன் என்பதால் நான் கட்டாயம் எழுத வேண்டுமாம். எழுதும் தெம்பு எனக்கு இல்லை. எட்டு வருடம் ஒரே அறையில் ஒரே மைக்ராஸ்கோப்பில் மாற்றி மாற்றிக் குனிந்ததில் இரண்டு பேருக்கும் கழுத்து ஒரே பக்கம் வலிக்கும். இப்போது எனக்கு மட்டும் வலிக்கிறது. எங்கள் பகுதி மெட்ராஸோடு சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. குமாஸ்தாவின் கை இன்னும் பழைய ராஜ்யத்தின் பெயரை எழுதிவிட்டுப் பிறகு அடிக்கிறது. டாக்டரின் மரணத்தை மேலிடத்துக்குத் தெரிவித்த கடிதத்திலும் அப்படி ஒரு அடித்தல் இருந்தது. பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள், அனுப்பினார்கள், முடிந்தது. அவரைத் தெரிந்தவர்கள் நீங்கள். நான் விட்டதை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரம் வந்த மறு வருடம் அவர் எங்களிடம் வந்து சேர்ந்தார். பட்டணத்தில் படித்துவிட்டு வந்தவர். எனக்கும் அவருக்கும் ஒரே வயது, முப்பத்தொன்பது. வந்த இரண்டாம் வாரமே என்னிடம் ஒரு தூக்குப் பாத்திரத்தைக் கொடுத்து, சந்தையில் ஆட்டுமூளை வாங்கி வரச் சொன்னார். அதற்கடுத்த சந்தைக்கும் சொன்னார். மூன்றாவது தடவை கறிக்கடைக்காரர் மூளையை இலையில் வைத்துக்கொண்டே, "டாக்டருக்கு இதுன்னா அவ்வளவு பிரியமா வேய்? நல்லமிளகு நெறயப் போட்டு வறுக்கச் சொல்லும்" என்றார். நான் வந்து சொன்னதும் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த மூளை ஒருநாளும் சட்டியைக் காணவில்லை. சிறு துண்டுகளாக நறுக்கி ஆரஞ்சு நிறக் கரைசலில் நாள்கணக்காக ஊறப்போட்டு, பிறகு வெள்ளி உப்புக் கரைசலில் போட்டு, மெல்லிய சீவலாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் வைப்போம். எங்கள் விரல்நுனிகள் எப்போதும் கறுத்தே இருக்கும். பத்துத் தடவை செய்தால் எட்டுத் தடவை பாழாகும். இந்த வெட்டி வேலை நமக்கு எதற்கு என்று நான் முணுமுணுக்காத வாரம் இல்லை.

ஒருநாள் சரியாக வந்தது. மஞ்சள் வெளியில் ஒரே ஒரு மூளைச் செல், கன்னங்கரேலென்று, வேரும் கிளையுமாகப் பிடுங்கிப் போட்ட மரம் போலக் கிடந்தது. அவர் என்னைக் கூப்பிட்டுப் பார்க்க வைத்தார். "இந்த ஒண்ணுதான் கறுத்திருக்கு. சுத்திலும் ஆயிரம் கெடக்கு, ஒண்ணுகூட நம்ம கண்ணுல படல்ல. ஏன் இது மட்டும் கறுக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. தெரியல்லங்கதுக்காவ மத்ததெல்லாம் இல்லேன்னு ஆயிடுமா வேய்?" என்றார். எனக்கு அது அழகாக இருந்தது என்பதை அன்று அவரிடம் சொல்லவில்லை. முணுமுணுப்பை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தேன். ஊருக்குள் அவருக்கு அதற்குள் மூளை டாக்டர் என்று பெயர் விழுந்துவிட்டது. உண்மையில் அவர் பகலெல்லாம் பார்த்தது காய்ச்சலும் பிரசவமும் பாம்புக்கடியும்தான்.

மூளை டாக்டர் என்ற பெயருக்கு வேலை வந்தது சுயம்புவால். எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு மைலில் அவன் வீடு. பனையேறி. டாக்டர் வந்த மறு வருடம், அக்கானி என்கிற பதநீர் இறங்கும் காலத்தில், அக்கானி நிறைந்த குடுவையோடு இறங்கும்போது பனையிலிருந்து விழுந்துவிட்டான். கட்டிலோடு தூக்கி வந்தார்கள். முன்பற்கள் நான்கு போயிருந்தன, நெற்றியிலிருந்து உச்சிவரை பிளவு, பதினெட்டு நாள் நினைவில்லை. பிழைக்க மாட்டான் என்று நான் சொன்னேன், அவன் பிழைத்தான். எழுந்து உட்கார்ந்தான், கஞ்சி கேட்டான், மனைவி தங்கம்மையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், எத்தனை பனை, எந்தப் பனையில் பாளை எப்படி என்று எல்லாம் சொன்னான். தங்கம்மை வார்டில் எல்லார் காலையும் தொட்டுக் கும்பிட்டாள். அப்போது அவளுக்கு மூன்று மாதம்.

இரண்டு நாள் கழித்துத்தான் கோளாறு தெரிந்தது. விழுந்ததற்குப் பிறகு நடந்த ஒன்றும் அவனிடம் தங்கவில்லை. காலையில் டாக்டர் கட்டிலருகே போனால், "நீங்க எந்த டாக்டரு?" என்பான். அவர் பெயர் சொல்வார், ஊர் சொல்வார். பக்கத்துக் கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், "நீங்க எந்த டாக்டரு?" என்பான். அவர் முதலில் சொன்ன அதே மரியாதையோடு மறுபடியும் சொல்வார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "இவன்கிட்டப் போய் எத்தன தடவ சொல்லுவீங்க? சும்மா டாக்டர்னு மட்டும் சொல்லிட்டு வாங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நமக்குத்தான் இது இருவதாவது தடவ. அவனுக்கு முதல் தடவ இல்லியா?" என்றார். எனக்கு எரிச்சல் தீரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள், முகம் மழிக்க வந்தவர் வார்டில் வைத்திருந்த கண்ணாடியைச் சுயம்பு எட்டிப் பார்த்துவிட்டான். பல் போன, தழும்பு ஏறிய, திட்டுத் திட்டாக நரை தட்டிய முகம். "ஆரு இந்தக் கெழவன்?" என்று அலறிக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தான். சற்று நேரத்தில் அலறியதை மறந்தான், ஆனால் நடுக்கம் போகவில்லை. காரணம் தெரியாமல் நடுங்கிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த டாக்டர் தங்கம்மையிடம் உத்தரவாகவே சொன்னார்: "கண்ணாடி உள்ள எடத்துக்கே இவன் போவப்பிடாது கேட்டியா மக்கா." அவள் தலையாட்டினாள். நல்ல உத்தரவு என்றுதான் நானும் நினைத்தேன்.

அவள் அய்யாவழிக்காரி. அவர்கள் வழிபடும் நிழல்தாங்கலில் சிலை கிடையாது. பள்ளியறையில் இருபுறமும் விளக்கேற்றி நடுவில் ஒரு நிலைக்கண்ணாடி வைத்திருப்பார்கள். அதன் முன் நின்று தன்னையே பார்த்துக் கும்பிட வேண்டும். டாக்டர் கிறிஸ்தவச் சபைக் குடும்பத்தில் பிறந்து மலையோரத்தில் வளர்ந்தவர், அவருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. தங்கம்மை டாக்டர் சொல்லை அப்படியே காத்தாள். அவனைத் தனியே விட்டுவிட்டும் போக முடியாது, அதனால் அவளும் தாங்கலுக்குப் போவதை நிறுத்தினாள். பொன்மணி என்ற பெண் குழந்தை பிறந்தும், அதைத் தாங்கலுக்குக் கொண்டுபோய் நெற்றியில் நாமம் சாத்தவில்லை. ஊரில் ஒரு மாதிரியாகப் பேசினார்கள். வீட்டில் அவனோ தினமும் தொட்டிலை எட்டிப் பார்த்து, "யாருக்க பிள்ள இது?" என்று கேட்டான். தினமும் அவள், "நம்ம பிள்ளதான்" என்றாள். ஒரு வருடத்துக்கும் மேல் இப்படிப் போயிற்று.

பிறகு ஒருநாள் அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் அறை வாசலில் வந்து நின்றாள். அழுகிற முகம். "டாக்டரே, நான் ஒங்க சொல்ல மீறிட்டேன்" என்றாள். அய்யாவைப் பாராமல் இருக்க முடியாமல், ஏழு ஞாயிறாக அவனைத் தாங்கலுக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். முதல் ஞாயிறு கண்ணாடியைக் கண்டு கத்தினான், நாலுபேர் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டாம் ஞாயிறும் அப்படித்தான். நான்காவதில் கத்தவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நேத்தைக்கு அவியளே போய்க் கண்ணாடிக்க முன்ன நின்னு கும்பிட்டாவ டாக்டரே. ஆனா கேட்டா, விழுந்த பொறவு இங்க வந்ததே இல்லங்காவ. இது நல்லதா கெட்டதா எனக்குத் தெரியல்ல" என்றாள். டாக்டர் கையிலிருந்த தகட்டை மேசையில் வைத்தார். நான் அவரிடம் அப்படி ஒரு முகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. சந்தோஷமும் வெட்கமும் ஒரே முகத்தில் எப்படி நிற்கும் என்பதை அன்று பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு தேவாலய ஆராதனை முடிந்த கையோடு அவரும் நானும் அங்கே போனோம். ஆண்கள் சட்டையைக் கழற்றித் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போக வேண்டும். என் தலைப்பாகை இரண்டு தடவை அவிழ்ந்து விழுந்தது. பணிவிடைக்காரர் சிரித்துக்கொண்டே கட்டிவிட்டார். சுயம்பு அவிழாமல் கட்டினான். நடுப்பகல் வழிபாட்டுப் பாடலான உச்சிப்படிப்பு ஓதும் ஓசை, வெறும் காலில் மணல், நெற்றியில் ஈர நாமத்தின் குளிர்ச்சி, எல்லாம் ஆனபின் கண்ணாடியை நேருக்கு நேர் பார்த்தான், கும்பிட்டான், அமைதியாக வெளியே வந்தான். பூவரச மரத்தடியில் ஒரு பலகை பெஞ்சு கிடந்தது. டாக்டர் அவனை அதில் உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். "இங்க இதுக்கு முன்ன வந்திருக்கியா?" என்று கேட்டார். "பனையிலேருந்து விழுந்த பொறவு இன்னைக்குத்தான்" என்றான் அவன். "நீங்க எந்த டாக்டரு?"

அன்று அந்த மரத்தடியில், தாங்கலுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி, டாக்டர் தங்கம்மையிடம் சொன்னார்: "தப்பு என்னுது மக்கா. ஒரு வருஷமா உன்னையும் அலக்கழிச்சேன், இவனையும் கெடுத்துப்போட்டேன். நீ மீறினது நல்லதாப் போச்சு." திரும்பி வரும் வழியில், ஒரு டாக்டர் ஊர் முன்னால் இப்படிச் சொல்லலாமா என்று நான் கேட்டேன். "பொறவு எப்படிச் சொல்லது? காதுலயா?" என்றார். கேஸ் தாளிலும் ‘இந்த ஓராண்டுத் தாமதம் என் உத்தரவால்’ என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாள் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம்.

பயம் நீங்கிவிட்டது என்று நினைத்து, என் சவரக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு, என்னையும் கூட்டி அவன் வீட்டுக்கே போனார். ஒரு செவ்வாய்க்கிழமை. ஓலையில் கடவப்பெட்டி முடைந்துகொண்டிருந்தவன் முன் காட்டினோம். பழையபடி அலறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினான். நான் கண்ணாடியைத் துண்டில் சுற்றி மறைத்தேன். டாக்டர் முற்றத்தில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். பிறகு, தங்கம்மைக்கும் எனக்கும் சேர்த்துச் சொன்னார். கறுத்த செல்லில் நான் பார்த்த கிளைகள் ஒவ்வொன்றும் சேதி வாங்கும் கைகள். ஆயிரக்கணக்கில் உண்டு. ஒரு கை வழியாக வரும் சேதி மிகச் சிறியது, அது மட்டும் வந்தால் செல் அசையாது. பேசு என்று சொல்லும் சேதி உண்டு, பேசாதே என்று தடுக்கும் சேதியும் உண்டு. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, போதுமான அளவு ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் அது அடுத்த செல்லுக்குச் சொல்லும்.

"எங்க ஊர்க்கூட்டம் மாதிரியா டாக்டரே? ஒருத்தன் கெடந்து கத்தினா ஒண்ணும் நடக்காது" என்றாள் தங்கம்மை.

"அதே மாதிரிதான். கூட ஒண்ணு. திரும்பத் திரும்ப ஒண்ணாக் கூடின சேதிக்கு வழி பழகிப்போவும், அடுத்த தடவ லேசா நடக்கும். தலப்பா, மணலு, படிப்புச் சத்தம், நாமம், எல்லாம் ஒண்ணா வந்தா இவனுக்குப் பயம் வரல்ல. கண்ணாடி மட்டும் தனியா வந்தா வருது" என்றார் டாக்டர். உடனே சேர்த்துக்கொண்டார்: "இது இப்படித்தான்னு நிரூபிச்ச ஆளு யாரும் இல்ல. கொஞ்சம் பேரு இப்படி இருக்கலாம்னு சொல்லுதாவ. நல்ல யோசன, அவ்வளவுதான்." இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் அவர் எதையும் முடித்ததில்லை. கேட்பவர்களுக்கு அதனாலேயே அவர் பேச்சில் உப்பு இல்லாமல் போகும். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போனோம். கண்ணாடிக்கு முன்னால் பொன்மணியையும் அவன் பக்கத்தில் நிறுத்தி, ஒரே நேரம், ஒரே படிப்பு, ஒரே ஈர நாமம் என்று எதுவும் மாறாமல் பார்த்துக்கொண்டார். பிறகு பூவரச மரத்தடியில் அவனோடு உட்கார்ந்து அதே கேள்விகளைக் கேட்டு நோட்டில் எழுதுவார். கடைசிக் கேள்வி, "இந்தப் பிள்ள யாரு?" கடைசிப் பதில், "தெரியல்ல. யாருக்க பிள்ள இது?" இரண்டு வருடம், மூன்று வருடம் ஆயிற்று. குழந்தை தவழ்ந்தது, நடந்தது, பேசியது. நான்கு வயதில் அதுவே அவனிடம், "ஒனக்க பிள்ளதான்" என்று சலிப்போடு சொல்லத் தொடங்கியது. அந்த வயதில் அந்தச் சலிப்பு இருக்கக்கூடாது. நான் மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வேன்.

தங்கம்மை கேட்டது அந்தச் சமயத்தில்தான். அவளுடைய அண்ணன்மார் இருவரும் குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்கிறவர்கள். அங்கே வந்துவிடு, உனக்கும் வேலை உண்டு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில், சுயம்புவை அவனுடைய அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கெட்ட எண்ணமில்லை, அவளுக்கு அப்போது இருபத்தாறு வயதுதான். அவள் டாக்டரிடம் நேராகக் கேட்டாள்: "இந்தப் பிள்ள யாருன்னு அறியாண்டாம் டாக்டரே. அத நான் விட்டாச்சு. நானும் பிள்ளயும் ஒருநாளு இல்லாம ஆயிட்டோம்னு வையுங்க. இவிய தேடுவாவளா? அதுகூடத் தெரியாமச் சோறு தின்னுட்டுக் கெடப்பாவன்னா நான் போயிருவேன். தேடுவாவன்னா போவமாட்டேன். அத மட்டும் சொல்லுங்க."

"தெரியல்ல மக்கா" என்றார் டாக்டர்.

அதன் பிறகும் பல தடவை கேட்டாள். அத்தனை தடவையும் அவர் அதையேதான் சொன்னார். தேடுவான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் சமாதானமாகி இங்கேயே இருந்துவிடுவாள், தேடமாட்டான் என்றால் துணிந்து கிளம்பிவிடுவாள். இரண்டையும் சொல்லாமல் அந்தப் பெண்ணை அந்தரத்தில் நிறுத்தினார் என்று எனக்குக் கோபம். ஒருநாள் மூளைத் துண்டு சீவிக்கொண்டிருக்கும்போது சொன்னேன்: "இதுல என்ன கஷ்டம்? அவளையும் பிள்ளயையும் ஒரு மாசம் அண்ணன் வீட்டுக்கு அனுப்புவோம். தேடுதானா இல்லியான்னு பார்த்துருவோம்." அவர் கத்தியைக் கீழே வைத்தார். "தேடினா? ஒரு மாசமும் என்ன தேடுதோம்னு தெரியாமலே அவன் தேடணும். அத நாம நோட்டுல எழுதணும். அவன் தவளை இல்ல வேய், மனுசன்." மிச்சத் துண்டுகளை அன்று அவரே தனியாகச் சீவி முடித்தார். சாயங்காலம் தேநீர் கொண்டுவந்து என் பக்கம் தள்ளி வைத்தார்.

இந்த வருடக் கடைசியில் அவளுக்கும் சலித்துவிட்டது. பிள்ளைக்கு ஏழு வயதாகப்போகிறது. தை பிறந்ததும் போகிறேன் என்று அண்ணன்மாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். டாக்டரிடம் அதைச் சொன்ன ஞாயிற்றுக்கிழமையே அவர் கடைசியாகத் தாங்கலுக்கு வந்தது. அவர் அவளைத் தடுக்கவில்லை. "போயிட்டு வா மக்கா. தப்பில்ல" என்றார். செவ்வாய்க்கிழமை சொந்தக்கார வீட்டுக் காரியமாகக் குலசேகரம் போனார். புதன்கிழமை காலையில் போய்விட்டார்.

அடக்கத்துக்குத் தோவாளையிலிருந்து மாலை வரவழைத்தோம். ஆஸ்பத்திரி சார்பில் ஒருவர் பேசினார், சபை சார்பில் ஒருவர் பேசினார். மூளை ஆராய்ச்சியில் பெரிய சாதனை புரிந்தவர் என்று சொன்னார்கள். அவர் கேட்டிருந்தால் அப்படி ஒன்றும் நிரூபணம் இல்லை என்று எழுந்து நின்று சொல்லியிருப்பார். எனக்கு அழுகை வரவில்லை, களைப்பாக இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். தங்கம்மைக்குத் தகவல் யார் சொல்வார்கள் என்று நினைத்துத்தான் கிளம்பினேன். படிப்பு தொடங்குவதற்கு முன் வாசலிலேயே அவளிடம் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "இவியகிட்ட சொல்லாண்டாம். யாரு செத்தான்னு கேப்பாவ. என்னால இன்னைக்கு அதுக்குப் பதிலு சொல்ல ஏலாது" என்றாள். சரி என்றேன். சுயம்பு வழக்கம்போலத் தலைப்பாகை கட்டினான், கண்ணாடியைக் கும்பிட்டான், வெளியே வந்தான். அவனுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நேராகப் பூவரச மரத்தடிக்குப் போனான். தலைப்பாகையை அவிழ்த்து அந்தத் துணியால் பெஞ்சைத் துடைத்தான். ஒரு ஓரமாக உட்கார்ந்தான். தங்கம்மை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வாருங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

"நில்லு. ஒரு ஆளு வரணும்" என்றான்.

"எந்த ஆளு?"

"அது தெரியல்ல. வரணும்." பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவனைத் தேற்றுவதாக நினைத்து நான் போய் அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தேன். எத்தனையோ ஞாயிறு பார்த்த முகம்தான் என்னுடையது. அவன் என்னைப் பார்த்தான், கொஞ்சம் சங்கடப்பட்டான், மரியாதையாகவே சொன்னான்: "சாரே, இது வேற ஆளுக்க எடம். கொஞ்சம் தள்ளி இரியும்."

எழுந்து தள்ளி உட்கார்ந்தேன். வெயில் பெஞ்சின் மேல் ஏறியது. மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. தொடக்கத்தில், முதல் வருடம், டாக்டரால் இரண்டு ஞாயிறு வர முடியாமல் போனது. அன்றெல்லாம் அவன் யாரையும் எதிர்பார்க்கவில்லை, கும்பிட்டான், வீட்டுக்குப் போனான். பிறகு அவர் ஒரு ஞாயிறும் தவறியதில்லை. தலைப்பாகை, மணல், படிப்புச் சத்தம், நாமம் என்று சேதிகளையெல்லாம் எண்ணி எண்ணி எழுதியவர், பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் தன்னையும் ஒரு சேதியாக எண்ணவேயில்லை. தங்கம்மையை அனுப்பத் தேவையில்லை, தான் ஒரு ஞாயிறு வராமல் இருந்தாலே பதில் தெரிந்திருக்கும். அது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

தங்கம்மைக்கு என்னைவிடச் சீக்கிரம் தெரிந்துவிட்டது. அவள் பொன்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "ஞாயிறு ஞாயிறா வந்த ஆளையே இந்தத் தேடு தேடுதாவளே" என்றாள் என்னிடம். "தெனம் கூட இருக்க எங்கள..." குழந்தை அவனருகே போய் நின்றது. அவன் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு கையால் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு, "யாருக்க பிள்ள இது?" என்று கேட்டான். அண்ணன்மாருக்கு வர முடியாது என்று சொல்லி அனுப்புவதற்கு மறுநாள் காலையில் அவள் என்னிடம்தான் ஆள் கேட்டு வந்தாள்.

அவருடையதாக என்னிடம் எஞ்சியிருப்பது எது என்று கடைசியில் எழுத வேண்டுமாம். அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை, இனி வரவும் வராது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல மட்டும் கொஞ்சம் கற்றிருக்கிறேன். மூன்று வருடம் அவர் தெரியல்ல என்று சொன்ன ஒரு கேள்விக்கு இன்று பதில் எனக்குத் தெரியும். அவரிடம் போய்ச் சொல்லத்தான் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன். சுயம்பு பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்காருகிறான். நான் தள்ளி உட்காருகிறேன்.